மூளிக்காது

இரண்டாம் மணி அடித்து ஓய்ந்து, பாடகர் குழு எழுந்து, கோயிலே முதல் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டது. ஏசுவடியான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தில் இல்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையில், மூன்றாவது பெஞ்சில் நின்ற தன் மனைவி கெத்சியாளின் காதில் இருந்தது. இன்றைக்கும் மூளிக்காதுதான். கம்மல் கிடந்த துளை எள்ளளவு கறுப்பாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு அவருடைய அம்மா போட்ட ஏழு கல் கம்மல், தீட்டு துக்கம் எதற்கும் அந்தக் காதை விட்டு இறங்காதது, இப்போது பீரோவில் பஞ்சுக்குள் கிடக்கிறது. காது புண்ணா இருக்குங்க என்றாள் முதல் வாரம். புண் என்றால் எண்ணெய் தடவுவாள், மஞ்சள் பூசுவாள், பூசிய மஞ்சள் தலையணையில் ஒட்டும். ஒன்றையும் காணோம். அடுத்த வாரம் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் பூனை தானாகச் சாக்கிலிருந்து வெளியே வரும் என்பது அவர் கணக்கு. சீயோன்புரத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண்பிள்ளை காதைக் காலியாக விட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேறு சபைக்கு மாறப்போகிறாள். முதலில் கம்மல் போகும், அப்புறம் தலையில் பூ போகும், அப்புறம் சங்கிலி. கலர்ச் சேலை போய் வெள்ளைச் சேலை வரும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வரும். கடைசியில் ஒரு விடியக்காலம் தாமிரபரணியில் கொண்டுபோய் முக்கி எடுத்துவிடுவார்கள். பச்சைப் பிள்ளையில் நெற்றியில் தெளித்த தண்ணீரெல்லாம் ஞானஸ்நானமே இல்லை என்பது தெற்குத் தெருத் தகரக் கொட்டகைச் சபையாரின் உபதேசம். முங்கி எழுந்தவளுக்கு இந்தக் கோயில் பதிவில் பேர் கிடையாது. பேர் இல்லையென்றால் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அந்தத் தோட்டத்தில், புங்கமரத்துக்குக் கீழே, ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போன அவர்களுடைய ஒரே மகள் சுகந்தி கிடக்கிறாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தை இத்தனை வருஷமாக ஏசுவடியான் காத்து வைத்திருக்கிறார். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார், பின்னால் இருந்தவர் சட்டையை இழுத்தபிறகுதான் உட்கார்ந்தார்.

பீடத்தில் ஐயர் பாவ அறிக்கை சொல்ல ஆரம்பித்தார். குருவானவரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வது. சபையும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தது, ஏசுவடியானும் முணுமுணுத்தார், ஆனால் மனசு முணுமுணுத்தது வேறு. மற்ற எவன் வீட்டில் நடந்தாலும் பரவாயில்லை, கல்லறைத் தோட்டப் பொறுப்பு என்னிடம் இருக்கும்போதா நடக்க வேண்டும். நவமணி டீச்சர் விஷயம் ஊருக்கு மறந்திருக்குமா. இதே பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று முப்பது வருஷம் பாடிய நவமணி டீச்சர், கடைசிக் காலத்தில் தகரக் கொட்டகைக்குப் போய் முங்கிவிட்டு, அடுத்த வருஷமே செத்தும் போனாள். அவள் மகன்கள் இரண்டு பேரும் கோயில் கமிட்டி முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். எங்க அப்பா பக்கத்துல வைக்கணும்னு ஆசப்பட்டாவ என்றார்கள். கமிட்டியில் பாதிப்பேர் பரவாயில்லை என்று தலையாட்டுகிற நேரத்தில் எழுந்து, ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்று சொன்னவர் ஏசுவடியான்தான். டீச்சரை ஊருக்கு வெளியே பொட்டலில் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய் நல்ல பசியோடு சாப்பிட்டார். ரசம் ஊற்றும்போது கெத்சியாள் கேட்டாள், "அவிய வீட்டுக்காரரு இங்கனதான கெடக்காரு, இனி எப்படிங்க எந்திரிச்சு ஒருத்தர ஒருத்தர் கண்டுபிடிப்பாவ?" உயிர்த்தெழுதல் நாளில் கல்லறைகள் திறக்கும்போது என்கிற அர்த்தத்தில் கேட்டாள். "அதெல்லாம் மேல இருக்கறவரு பாத்துக்கிடுவாரு, சட்டம்னா சட்டம்" என்று சொல்லி அப்பளத்தை நொறுக்கினார். இப்போது அந்த அப்பளத்தின் சத்தம் காதுக்குள் கேட்கிறது. அந்தக் கேள்வியை அன்றைக்கே அவள் எதற்குக் கேட்டாள்? அப்போதே மனசு அந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ? டீச்சருக்காகக் கேட்டதுபோல் தனக்காக ஆழம் பார்த்தாளோ? பாவமன்னிப்பைக் கூறி ஐயர் கையை உயர்த்தியபோது, ஏசுவடியான் ஆமென் சொல்ல மறந்துபோனார்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக முன்னால் வந்து மனப்பாட வசனம் சொன்னார்கள். ஒரு குட்டிப் பெண் பாதியில் மறந்து, சபைக்குள் தன் அம்மாவைத் தேடினாள், அம்மா உதட்டை அசைத்துக் காட்டினாள். சுகந்தியும் அப்படித்தான் தேடுவாள். ரிப்பன் கட்டின தலையைத் திருப்பி மூன்றாவது பெஞ்சைப் பார்ப்பாள், கெத்சியாள் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக்கொடுப்பாள், இவர் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரிப்பார். பிள்ளை போனபிறகு கெத்சியாள் அந்தக் குட்டி வகுப்புக்கே டீச்சராகப் போனாள். கோயிலை ஒட்டிய ஹாலில் பாய் விரித்து, பிள்ளைகளை மடியிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு கதை சொல்வாள். மழை பெய்தாலும் விட மாட்டாள். அவள்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால், முடியல, வேற ஆளப் பாருங்க என்று பொறுப்பை விட்டாள். எதற்கு விட்டாள்? நம்ம உபதேசம் வேறு, அந்தச் சபை உபதேசம் வேறு. மனசாட்சி உறுத்தியிருக்கும். பிள்ளைகளைத் தூக்குவதுகூட இல்லை, ஓடிவந்து கட்டிப்பிடித்த ஒன்றை ஒதுக்கிவிட்டதை அவரே பார்த்தார். எல்லாம் அந்த ஹாலில்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் டியூஷன், செவ்வாய்க்கிழமை தையல் வகுப்பு, வருஷத்துக்கு ஒருதரம் பெண்களுக்கு இலவச மருத்துவ முகாம் என்று கோயில் கதவைத் திறந்து வைத்தால் ஈயும் வரும் எறும்பும் வரும், தெபோராளும் வருவாள். தெபோராள் பக்கத்துத் தெரு. ஒருகாலத்தில் இந்தக் கோயில்காரிதான், புருஷன் செத்த பிறகு தகரக் கொட்டகைக்குப் போய்விட்டாள். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து குடும்பத்தைப் பார்க்கிறாள், இவளுக்குத் தெருத்தெருவாக ஆத்துமா பிடிப்பதுதான் வேலை. முகாம் அன்றைக்கு ஏசுவடியான் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது, திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த கெத்சியாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தெபோராள் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் கண் மூடியிருந்தது, உதடு அசைந்தது. மருந்து வாங்க வந்த இடத்தில் ஆள் பிடிக்கிறாள் பாரேன் என்று அவருக்கு நெஞ்சு கொதித்தது. கேனைத் தொப்பென்று வைத்தார். இரண்டு பேரும் திடுக்கிட்டுக் கையை விட்டார்கள். குற்றம் இல்லாதவர்கள் எதற்குத் திடுக்கிட வேண்டும்?

பிரசங்கம் தொடங்கியது. ஐயர் காணாமல்போன ஆட்டைப் பற்றிப் பேசினார், ஏசுவடியான் வெள்ளிக்கிழமைகளைப் பற்றி யோசித்தார். வெள்ளி தோறும் காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவாள். எங்களா போற என்றால், தெபோராள் கூட ஒரு எடத்துக்கு என்பாள். இடத்துக்குப் பேர் கிடையாதா? போகும்போது ஒரு பழைய வெள்ளை நூல் சேலை. ஒரு வெள்ளிக்கிழமை அவள் போனபிறகு பீரோவைத் திறந்து பார்த்தார், தாலிச் சங்கிலி சேலை மடிப்புக்குள் இருந்தது. சாயங்காலம் கழுத்தில் இருந்தது. போகும்போது கழற்றி, வந்ததும் மாட்டுகிறாள், ஆண்டவருக்கு ஒரு கழுத்து, புருஷனுக்கு ஒரு கழுத்து. இன்னொரு நாள் நடுமத்தியானத்தில் தலை சொட்டச் சொட்ட ஈரத்தோடு வந்தாள். முடிஞ்சு போச்சு, முங்கிவிட்டாள் என்று திண்டாடினார். கிட்டே போய் மோந்துகூடப் பார்த்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த மூக்கு, ஆற்றுத் தண்ணீர் வாடையும் குழாய்த் தண்ணீர் வாடையும் தெரியும். சோப்பு வாடைதான் அடித்தது. சோப்புப் போட்டு மறைத்திருக்கிறாள். அடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்கே போய், எதிர்த்த பேக்கரியில் டீ குடிக்கிற சாக்கில் நின்று பார்த்தார். வெள்ளைச் சேலைகள் உள்ளே போயின, கைதட்டும் டிரம் சத்தமும் கேட்டது, கெத்சியாள் அந்தக் கூட்டத்தில் இல்லை. வேறு ஆளாக இருந்தால் அத்தோடு மனசு ஆறியிருக்கும். ஏசுவடியானுக்கோ, அப்படியென்றால் தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க வேறு ஊர்ச் சபைக்குத் தெபோராள் கூட்டிப்போகிறாள் என்று தோன்றியது. ராத்திரிகளில் அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பல்லுக்குள் ஏதோ முனகுகிறாள், வார்த்தையாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. அந்தச் சபையில் ஆவி இறங்கிப் பேசுகிற அந்நிய பாஷையைப் பேசப் பழகுகிறாள் என்று இவர் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு கிடப்பார். சர்வீஸில் இருந்த காலத்தில், மாடு நிற்கிற நிப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் நோவு என்று சொல்லிவிடுவார் கம்பவுண்டர் என்று டாக்டரே மெச்சியிருக்கிறார். பேசாத ஜீவன் பொய் சொல்லாது, அது ஒரு வசதி. பேசத் தெரிந்தவளிடம்தான் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்றைக்குக் கண்டுபிடித்துவிடலாம். இன்றைக்கு எதிர்வீட்டுச் செல்லத்துரையின் பேரனுக்கு ஞானஸ்நானம். கெத்சியாள்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று கேட்டு வந்தபோது அவள் நடுங்கினாற்போல், "என்னால முடியாது, வேற ஆளப் பாருங்கண்ணே" என்றாள். ஏசுவடியான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் நிப்பா, நான் சொல்லுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பொறி வைத்தவர் அவர்தான். பிள்ளை ஞானஸ்நானம் பொய் என்று நம்புகிறவள், ஞானஸ்நானத் தொட்டி முன்னால் நின்று அந்தப் பிள்ளைக்காக எப்படி வாக்குச் சொல்வாள்? தொட்டியைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். ஐயர் கேள்வி கேட்டார். ஏசுவடியான் கழுத்தை நீட்டி அவள் உதட்டைப் பார்த்தார். காற்றாடிச் சத்தம், பிள்ளையின் வீறிடல், செல்லத்துரையின் பெரிய குரல், எல்லாம் சேர்ந்து எதுவும் பிடிபடவில்லை, உதடு அசைந்ததா அசைந்ததுபோல் காட்டினாளா தெரியவில்லை. பிள்ளையின் தலையை இடது கையில் தாங்கி வாங்கி ஐயரிடம் கொடுப்பது ஞானத்தாயின் முறை. அம்மாக்காரி பிள்ளையை நீட்டினாள். கெத்சியாள் வாங்கினாள். வாங்கின வேகத்தில் முகம் சுருங்கி, நெருப்பைத் தொட்டவளாகப் பக்கத்தில் நின்ற ஞானத்தகப்பன் கையில் பிள்ளையைத் தள்ளிவிட்டாள். பார்த்தவர்கள் வயசாயிற்று, பிள்ளை நழுவிவிடும் என்று பயந்தாள் என்று நினைத்திருப்பார்கள். ஏசுவடியானுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சபை முன்னாலே, ஐயர் முன்னாலே, தொட மாட்டேன் என்று தள்ளிவிட்டாள். இனி என்ன சாட்சி வேண்டும்? வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டியதுதான். கேட்டு, அவள் ஆமா என்று சொல்லிவிட்டால்? நாளைக்குக் கமிட்டியில் எழுந்து எந்த முகத்தோடு நிற்பது? செத்தால் சுகந்திக்கு ஒரு பக்கம்தான் ஆள் வரும். அம்மா எங்கப்பா என்று அது கேட்குமே. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், புழுக்கம் என்பதுபோல.

இராப்போஜனத்துக்கு, அப்பமும் திராட்சரசமும் வாங்க, வரிசை நகர்ந்தது. இங்கேயும் ஒரு கண் வைத்தார். அவர்களுக்கு நம்ம பாத்திரம் ஆகாது என்று சொல்வார்கள். கெத்சியாள் முழங்கால் போட்டாள், அப்பத்தை வாங்கினாள், பாத்திரம் வந்ததும் குடித்தாள். சும்மா உதட்டில் ஒற்றவில்லை, நன்றாகவே குடித்தாள். எழுந்திருக்கும்போது வலது கையால் கிராதியை இறுகப் பிடித்து, நின்று, கண்ணைத் துடைத்தாள். ஏசுவடியானுக்குக் குழம்பியது. குடித்தாளே. ஒருவேளை இன்னும் முங்கவில்லையோ, இது கடைசித் தடவை என்று விடைபெற்றுக்கொண்டு போகிறாளோ? அதுதான், அதனால்தான் அழுகிறாள். அவர் முறை வந்தபோது, எழுந்து போகிற அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அப்பத்தை வாங்கினார்.

ஆசீர்வாதம் கூறி முடிந்தது. எல்லாரும் வாசலில் ஐயருக்குக் கைகொடுத்து, செல்லத்துரை வீட்டு லட்டை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். கெத்சியாள் வாசல் பக்கம் வரவில்லை. பக்கக் கதவு வழியாக இறங்கி, கோயிலின் பின்பக்கம் நடந்தாள். ஏசுவடியான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் போனார். அவள் புங்கமரத்துக்குக் கீழே, சுகந்தியின் சின்னச் சிலுவைமேல் வலது கையை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்துப் புல்தரையைக் காலால் தடவிப் பார்த்தாள்.

"ஏளா, வீட்டுக்கு இந்தப் பக்கமா வழி?"

அவள் திரும்பவில்லை. "இந்த எடம் ரெண்டும் அப்படியேதான இருக்கு? யாருக்கும் குடுத்துறலியே?"

கேட்டுவிட்டாள். ஆழம் பார்க்கிறாள். ஏசுவடியான் மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்தது பொங்கி வந்தது. "பேரு இருந்தா எடம் இருக்கும். பேர வச்சிருக்கியா கெடுத்துட்டியான்னு நீதான் சொல்லணும்."

"என்ன சொல்லுதிய?"

"முங்கிட்டியான்னு கேக்கேன். ஆத்துல. தெபோராள் கூடப் போயி."

கெத்சியாள் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, வலது கை போய் இடது மார்போரத்தைப் பிடித்துக்கொண்டது. "அதுக்கா என் காதையே பாத்துக்கிட்டு இருந்திய? நான், என் நோவு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சோன்னுல்லா பயந்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன நோவு?"

"கம்மல் போடணும்னா ரெண்டு கையும் மேல போகணுங்க, பின்னால திருகாணி திருகணும். இந்த இடது கை மேல வரமாட்டேங்கு. பூ வைக்கவும் முடியல." தரையைப் பார்த்துக்கொண்டு, வீட்டுச் சாமான் வாங்கி வந்த விவரம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். மார்ல கட்டி. முகாம்ல பாத்த டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாவ. தெபோராள் மக வேல பாக்குற ஆஸ்பத்திரியிலதான் காட்டுனோம். வெறும் வயித்தோட வரச் சொல்லுவாவ. குழாய்க்குள்ள படுக்கப்போட்டுப் படம் எடுப்பாவ, மேல குண்டுமணித் தங்கம் இருக்கக் கூடாதாம், சரிகைச் சேலையும் ஆகாதாம். "உங்க மூக்குக்கு மருந்து வாட தெரிஞ்சிருமேன்னு அவ வீட்டுல தலைக்குக் குளிச்சிட்டு வந்தேன்."

"என்ட்ட சொல்லுததுக்கு என்னளா?"

"சொன்னா நீங்க ஐயர்ட்ட சொல்லுவிய. ஐயர் ஜெபத்துல பேரச் சொல்லுவாரு. அடுத்த ஞாயித்துக்கெழம பொம்பளைய பூரா என் நெஞ்சத்தான் பாப்பாளுவ." சிலுவைமேல் கிடந்த சருகைத் தள்ளிவிட்டாள். "ஈரல் வரைக்கும் போயிருச்சாம். இனிமே கீறிப் பிரயோஜனம் இல்லன்னு வெள்ளிக்கெழம சொல்லிட்டாவ. இன்னைக்கு வீட்டுல போயி சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்கு முந்தி எடத்த ஒருதரம் பாத்துக்கிடலாம்னு வந்தேன்."

எந்தப் பக்கம் நோவு என்று நிப்பைப் பார்த்தே சொல்லிவிடுகிறவர் அவள் இடது பக்கத்தைப் பார்த்தார். கோயிலில் அவர் உட்காருகிற இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. வீட்டிலும் தெரியவில்லை. தோள் இறங்கியிருந்தது, கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, சேலையின் முந்தானை அந்த இடத்தில் மட்டும் தளர்த்தி விடப்பட்டிருந்தது. அவர் காலுக்குக் கீழே இரண்டு இடமும் புல் மூடி அப்படியே இருந்தன. இத்தனை மாதமும் இந்த இடம் அவளுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் பயந்து செத்தார். இப்போது கிடைக்கப்போகிறது. ஐயோ, அவளை அந்த ஆற்றில் முக்கியெடுத்திருக்கக் கூடாதா. பேரை வெட்டிக்கொள்ளட்டும், கமிட்டியில் அவர் முகத்தில் காறித் துப்பட்டும், இந்த மண்ணை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளட்டும். கரையில் துண்டை வைத்துக்கொண்டு அவரே நின்றிருப்பார். லட்டு கைக்குள் நொறுங்கி விரலிடுக்கில் உதிர்ந்தது.

"கெத்சி, நெசத்தச் சொல்லு," என்றார். குரல் கெஞ்சியது. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ அந்தச் சபைக்குத்தான போன? ஒரு வெள்ளிக்கெழமையாவது போயிருப்ப."

"இல்லங்க," என்றாள் கெத்சியாள். "ஒரு நாளும் போகல."